மாசிப் பனியில் தடமில்லாத சிகரம்: ஸ்னோஷூ, சரிவு, திரும்பும் நேரம்

கீழச்சிவல்பட்டி_நடை

காரைக்குடிப் பக்கமிருந்து நான்கு பேர் மாசிக் கடைசியில் உத்தரகாண்டின் சாங்க்ரி கிராமத்துக்குப் போகிறோம். குறி கேதார்காந்தா, 3,810 மீட்டர். டிசம்பர், ஜனவரியில் வழக்கமான பாதையில் கூட்டம் நெருக்கும் என்பதால் மார்ச் முதல் வாரத்தைத் தேர்ந்திருக்கிறோம். ஜூடா கா தலாப் ஏரி வரை பாதையில் போய், அங்கே தடத்தை விட்டு விலகி, காட்டு முகடு வழியாக உச்சிக்கு ஏறுவது திட்டம். உள்ளூர் வழிகாட்டி ஒருவர் கூட வருகிறார். நால்வருக்கும் மிதிபட்ட பனியில் நடந்த பழக்கம் உண்டு. தடமில்லாத பனி புதிது.

ஸ்னோஷூ (பனியில் புதையாமல் இருக்க பூட்ஸுக்கு அடியில் கட்டும் அகலத் தட்டு) வேண்டுமா, மைக்ரோஸ்பைக் (பூட்ஸ் மேல் மாட்டும் இரும்புப் பல் சங்கிலி) போதுமா? ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு தூரம் கணக்கு வைப்பது? மேலிருந்து பனி சரிந்து விழும் பனிச்சரிவு ஆபத்தை எப்படிப் பார்ப்பது?

தேவகோட்டை_முகடு

மூன்று கேள்விக்கும் அடிப்படை ஒன்றுதான் தம்பி. எந்த மணிக்கு எந்தச் சரிவில் நிற்கப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்து வரும்.

மார்ச்சில் அந்த உயரத்துப் பனி பகலில் மேலே உருகும், இரவில் உறையும். உறைந்த மேலோடு விடியற்காலையில் ஆளைத் தாங்கும். வெயில் ஏறியதும் இளகிவிடும். கிழக்குச் சரிவு முதலில் இளகும், பிறகு தெற்கு, கடைசியில் மேற்கு. வடக்குச் சரிவில் வெயில் படாததால் பழைய மாவுப் பனி நெடுநாள் அப்படியே கிடக்கும். ஒரே மலையில் ஒரே நேரத்தில் நான்கு விதப் பனி இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரவில் வானம் தெளிவாக இருந்தால்தான் பனி தன் வெப்பத்தை வெளியே விட்டு நன்றாக உறையும். மேகம் மூடிய இரவில், வெப்பமானி பூஜ்யத்துக்குக் கீழே காட்டினாலும், மேலோடு மெல்லிசாகத்தான் இருக்கும். அதிகாலை 3 மணிக்குக் கூடாரத்தை விட்டு வெளியே வந்து பூட்ஸ் காலால் ஓங்கி மிதித்துப் பாருங்கள். கணுக்கால் வரை இறங்கினால் அன்றைக்கு உச்சி வேண்டாம்.

பிரான்மலை_ஏறி

விடியற்காலையில் மேலோடு கல் மாதிரி இறுகியிருக்கும்போது ஸ்னோஷூ எதற்கு அண்ணே? ஜோடி 2 கிலோ வாக்கில் வரும். மைக்ரோஸ்பைக் அரைக் கிலோகூட வராது. காலில் கூடும் ஒரு கிலோ, முதுகில் கூடும் நாலைந்து கிலோவுக்குச் சமம்.

தேவகோட்டை_முகடு

ஏறும்போது நீங்கள் சொல்வது சரி. உறைந்த முகட்டில் மைக்ரோஸ்பைக்தான் போட வேண்டும், ஸ்னோஷூ முதுகில் தொங்கட்டும். ஆனால் திரும்பும்போது அதே இடத்தில் தொடை வரை புதையும். புதைந்த காலை ஒவ்வொரு முறையும் உருவி எடுத்து நடந்தால் 1 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். முழங்கால் திருகிக்கொள்வதும் அப்போதுதான்.

காட்டுக்குள் இன்னொரு சிக்கல் இருக்கிறது. தேவதாரு, ஃபர் மரங்களின் அடியில் கிளை பனியைத் தடுப்பதால் தண்டைச் சுற்றிக் குழி விழுந்திருக்கும். பனியில் மூடிக்கிடக்கும் ரோடோடென்ட்ரான் புதர்களுக்குள்ளும் காற்றறை இருக்கும். வெயிலில் சுடும் பாறையைச் சுற்றியும் உள்ளே வெற்றிடம். மேலே பார்த்தால் சமதளம், கால் வைத்தால் இடுப்பு வரை. மரத்தண்டிலிருந்தும் பாறை விளிம்பிலிருந்தும் 2 மீட்டர் தள்ளி நடங்கள். தடமில்லாத காட்டில் ஸ்னோஷூ இல்லாமல் போகாதீர்கள்.

ஆத்தங்குடி_ஆச்சி

ஸ்னோஷூ அளவு ஆளின் எடையைப் பார்த்து எடுப்பதில்லை. ஆள், பை, பூட்ஸ், உடை எல்லாம் சேர்ந்த எடை. மொத்தம் 80 கிலோ வரை 22 அங்குலம், 100 கிலோ வரை 25 அங்குலம், அதற்கு மேல் 30. இது ஓரளவு இறுகிய பனிக்கான கணக்கு. புது மாவுப் பனியில் எந்த அளவானாலும் ஒரு சாண் புதையத்தான் செய்யும். மார்ச் மாதத்துக்கும் நெருக்கமான காட்டுக்கும் சின்ன அளவே நல்லது, திரும்ப வளைய வசதி.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை: முன்பாதத்துக்கு அடியில் இரும்புப் பல், இரு பக்கமும் ரம்பம் மாதிரிப் பல் வைத்த சட்டம், குதிகாலுக்கு அடியில் தூக்கிவிடும் கம்பி. அந்தக் கம்பியை 15 டிகிரிக்கு மேல் ஏறும்போது தூக்கிவிட்டால் கெண்டைக்கால் பிடிக்காது. குழாய்ச் சட்டத்தில் துணி கட்டிய மலிவு வகை சமவெளிப் பூங்காவுக்குச் சரி. பக்கவாட்டுச் சரிவில் அது சறுக்கும்.

என்ன உடையும்? பெரும்பாலும் பட்டைதான். குளிரில் ரப்பர் விறைத்து, கொக்கித் துளையில் கிழியும். அடுத்து, பாதத்தட்டைப் பிடித்திருக்கும் ஊசி கழன்று பனியில் காணாமல் போகும். ஆளுக்கு 6 பிளாஸ்டிக் இழுகட்டு (ஜிப் டை), 3 மி.மீ. கயிறு 3 மீட்டர், கைத்தடியில் சுற்றிய டக்ட் டேப், உதிரி ஊசி இரண்டு. இவ்வளவு இருந்தால் இறங்கி வந்துவிடலாம்.

பனி பூஜ்யத்தை ஒட்டி ஈரமாக இருக்கும்போது பல்லுக்கு அடியில் உருண்டையாக ஒட்டிக்கொள்ளும். அப்போது பல் பனியைப் பிடிக்காது, சறுக்கிவிடும். பத்தடிக்கு ஒரு முறை கைத்தடியால் சட்டத்தைத் தட்டுங்கள். கிளம்பும் முன் அடிப்பக்கம் மெழுகு தேய்த்தால் ஒட்டுவது குறையும்.

கெய்ட்டர் (பூட்ஸுக்குள் பனி புகாமல் காலைச் சுற்றி மாட்டும் உறை), மைக்ரோஸ்பைக், கைத்தடி சாங்க்ரியில் வாடகைக்குக் கிடைக்கும். ஸ்னோஷூ அங்கே கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். ஊரிலேயே வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ, அதே பூட்ஸோடு, கனத்த கையுறை போட்டபடி பட்டையை மாட்டிக் கழற்றிப் பழகுங்கள். வெறும் விரலால்தான் மாட்ட முடிகிறது என்றால் அந்தக் கொக்கி உங்களுக்கு ஆகாது.

கண்டனூர்_வரைபடம்

நேரக் கணக்கு. சுவிஸ் மலையேறிகள் வைத்திருக்கும் முறை ஒன்று உண்டு, முண்ட்டர் கணக்கு என்பார்கள். கிலோமீட்டரோடு, ஏறும் உயரத்தை நூறு மீட்டருக்கு ஒன்று வீதம் கூட்டுங்கள். வந்த எண்ணை வேகத்தால் வகுங்கள். பாதையில் ஏற்றத்துக்கு 4, இறக்கத்துக்கு 6. தடமில்லாத காட்டில், பனியை உடைத்து ஏறினால் 2.

ஜூடா கா தலாப் சுமார் 2,750 மீட்டர். அங்கிருந்து உச்சி 1,060 மீட்டர் ஏற்றம். முகடு வழி 5 கிலோமீட்டர் என்று வைத்தால் 5 + 10.6 = 15.6. இரண்டால் வகுத்தால் 7.8 மணி நேரம். அதிகாலை 3.30-க்குக் கிளம்பினாலும் உச்சியில் 11 மணி தாண்டிவிடும். அந்த நேரத்தில் கிழக்கும் தெற்கும் கஞ்சியாகியிருக்கும். ஆகவே ஜூடா கா தலாபிலிருந்து ஒரே மூச்சில் போகும் திட்டம் மார்ச்சுக்குச் சரிப்படாது.

3,300 மீட்டர் வாக்கில் காட்டோரம் இரண்டாவது கூடாரம் போட்டால் 2.5 + 5.1 = 7.6, இரண்டால் வகுத்தால் 3.8 மணி. 3.30-க்குக் கிளம்பினால் 7.20-க்கு உச்சி. இறக்கத்துக்கு 4 என்று வைத்தால் 2 மணி நேரத்துக்குள். 10 மணிக்குக் கூடாரம். எண் நன்றாக வருகிறது. வேகம் 2 என்பது முன்னால் பனியை உடைப்பவர் 10, 15 நிமிடத்துக்கு ஒரு முறை மாறினால்தான். ஒருவரே உடைத்துக்கொண்டு போனால் இந்தக் கணக்கு நிற்காது.

கூடாரத்தைப் புல்வெளியில் போட முடியாது. 2018 ஆகஸ்டில் உத்தரகாண்ட் உயர் நீதிமன்றம் புக்யால் எனப்படும் மலைப் புல்வெளிகளில் இரவு தங்குவதைத் தடை செய்தது. மரம் வளரும் எல்லைக்குள், வனத்துறை அனுமதித்த இடத்தில் மட்டும். இது கோவிந்த் வனவிலங்கு சரணாலயப் பகுதி. அனுமதிச் சீட்டு, கட்டணம், எந்த வழி, எந்த முகாம் என்பதையெல்லாம் முன்கூட்டியே முடித்துக்கொள்ளுங்கள். பாதை விலகிப் போவதையும் அனுமதி கேட்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

தேவகோட்டை_முகடு

கண்டனூராரின் கணக்கோடு ஒரு கடிகாரத்தையும் எழுதி எல்லார் பையிலும் வையுங்கள். 8.30-க்கு எங்கே நின்றாலும் திரும்பல். உச்சி நூறு மீட்டர் தள்ளி இருந்தாலும் திரும்பல். இதை மேலே போய் முடிவு செய்ய முடியாது, கீழேயே நால்வரும் ஒத்துக்கொண்டிருக்க வேண்டும்.

இனி பனிச்சரிவு. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், இதில்தான் உயிர் இருக்கிறது.

பலகை போல நகரும் பனிச்சரிவு பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிச் சரிவில் கிளம்பும். அதற்குக் குறைந்தால் வழுகுவது அரிது, கூடினால் பனி சேர்வதற்கு முன்பே உதிர்ந்துவிடும். அடியில் சர்க்கரை மாதிரி ஒட்டாத மணிப்பனி, மேலே இறுகிய பலகை. அந்த இரண்டும் சேர்ந்தால், காய்ந்த மணல் மேல் சிமெண்ட் இல்லாமல் பதித்த ஆத்தங்குடிக் கல் மாதிரிதான். ஒரு மூலையை மிதித்தால் வரிசையே நகரும். மணிப்பனி எங்கே உருவாகும்? பனி மெல்லிசாகவும் குளிர் கடுமையாகவும் இருந்த டிசம்பர், ஜனவரியில், முக்கியமாக வடக்குச் சரிவில். மார்ச் வந்தாலும் அங்கே அது அழியாமல் கிடக்கும். வெயில் படும் சரிவில் நிலைமை வேறு. உருகிய நீர் உள்ளே இறங்கிப் பிணைப்பைத் தளர்த்தி, ஈரப் பனிச்சரிவாக நண்பகலில் இறங்கும். காலையில் வடக்குப் பயம், மதியம் தெற்குப் பயம்.

கண்ணுக்கும் காதுக்கும் தெரியும் அடையாளங்கள்: கால் வைத்ததும் "வூம்ப்" என்று பனி அமுங்கும் சத்தம். காலடியிலிருந்து ஓடும் விரிசல். அக்கம்பக்கத்தில் புதிதாகச் சரிந்த தடம். 24 மணி நேரத்தில் 30 செ.மீ.க்கு மேல் புதுப் பனி. முகட்டில் புகை மாதிரிக் காற்று பனியை வாரிக்கொண்டு போவது. வெயில் ஏறியதும் சக்கரம் மாதிரி உருண்டு வரும் பனி உருண்டைகள். இதில் ஒன்றைப் பார்த்தாலும் 30 டிகிரிக்குக் கிட்டவே போகாதீர்கள். மேற்கத்திய இடையூறு (மேற்கிலிருந்து மழையும் பனியும் கொண்டுவரும் காற்றழுத்தம்) வந்து பனி கொட்டினால் 48 மணி நேரம் காத்திருங்கள். மார்ச்சிலும் அது வரும்.

வழி எடுக்கும்போது ஓடைப் பள்ளம் வேண்டாம். ஏற எளிதாகத் தெரியும், ஆனால் மேலே இருப்பதெல்லாம் வந்து சேரும் இடம் அது. அகலமான முகட்டு முதுகில் போங்கள். முகட்டில் காற்று மறைவுப் பக்கம் பனி விளிம்பு வெளியே நீட்டி நிற்கும், கார்னிஸ் என்பார்கள். அது உடைந்தால் விளிம்போடு நிற்காது, உள்பக்கமாகவும் பல மீட்டர் பிளந்துகொண்டு போகும். காற்று வீசும் பக்கத்தில், பாறையோ புல்லோ தெரியும் கோட்டில் நடங்கள்.

மரம் இருந்தால் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். நுழைய முடியாத அளவு நெருக்கமான காடுதான் பனியைப் பிடித்து வைக்கும். மேலே வெட்டவெளிச் சரிவு இருந்தால் அந்தக் காடும் உதவாது. ஒரு பக்கக் கிளையெல்லாம் முறிந்து நிற்கும் மரங்களைப் பார்த்தால், அது பனிச்சரிவு வழக்கமாக வரும் வழி.

கண்டனூர்_வரைபடம்

டிகிரியை வரைபடத்திலேயே அளக்கலாம். 1:50,000 அளவில், சமஉயரக் கோடு 40 மீட்டருக்கு ஒன்று என்றால், இரண்டு கோட்டுக்கு நடுவே 1.4 மி.மீ. இருந்தால் 30 டிகிரி. 1.7 மி.மீ. என்றால் 25. கோடு 20 மீட்டருக்கு ஒன்று என்றால் இதில் பாதி. ஓர அட்டவணையில் இடைவெளியைப் பார்த்துவிட்டு அளவுகோலை வையுங்கள். ஆனால் 15 மீட்டர் உயரச் செங்குத்து ஒன்று இரண்டு கோட்டுக்கு நடுவே ஒளிந்திருக்கும், வரைபடத்தில் வரவே வராது. கைப்பேசிச் செயலிகளில் வரும் நிறச் சரிவு வரைபடத்துக்கும் இதே குறை. ஆகவே இடத்தில் கைத்தடியைப் பனி மேல் சரிவோடு படுக்கவைத்து, அதன் மேல் கைப்பேசியை வைத்து அளங்கள்.

கூடார இடத்துக்கும் அளவு வேண்டும். மேலே தெரியும் செங்குத்துச் சரிவின் உச்சியை நோக்கிக் கோணம் பாருங்கள். 18 டிகிரிக்குக் குறைந்தால் அங்கிருந்து கிளம்பும் பனிச்சரிவு பெரும்பாலும் எட்டாது.

இமாச்சலம், உத்தரகாண்ட், காஷ்மீருக்குப் பாதுகாப்புத் துறையின் டி.ஜி.ஆர்.இ. நிறுவனம் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. மாவட்ட வாரியாக வருவதால் உங்கள் முகட்டுக்கு அது நேராகப் பொருந்தாது. என்றாலும் உத்தரகாசிக்கு எச்சரிக்கை ஏறியிருந்தால் அன்றைக்குக் கூடாரத்தை விட்டு நகராமல் இருங்கள்.

பிரான்மலை_ஏறி

பனிக்குள் புதைந்தவரைத் தேட உதவும் பீக்கன் என்ற ரேடியோ கருவி வாங்கலாமா? நான்கு பேருக்கு நல்ல செலவு.

தேவகோட்டை_முகடு

30 டிகிரிக்கு மேல் கால் வைப்பதாக இருந்தால், ஆளுக்கு 457 கிலோஹெர்ட்ஸ் பீக்கன் ஒன்று, 240 செ.மீ. துழாவுகோல் ஒன்று, உலோக மண்வாரி ஒன்று. மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு செட். ஒருவரிடம் மட்டும் இருந்தால் பயனில்லை. புதைந்தவரை முதல் 10 நிமிடத்தில் எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம், அரை மணி தாண்டினால் சரசரவெனக் குறைந்துவிடும். வெளி உதவி அதற்குள் வராது. கைப்பேசியைப் பீக்கனிலிருந்து 20 செ.மீ. தள்ளி வையுங்கள், தேடும்போது 50 செ.மீ. பயிற்சிக்குத் தொண்டி கடற்கரை மணல் போதும். ஒன்றைப் பைக்குள் போட்டு அரை மீட்டர் ஆழத்தில் புதைத்து, 5 நிமிடத்துக்குள் எடுக்கும் வரை பழகுங்கள்.

உங்கள் முதல் தடமில்லாப் பயணம் இது. என் தீர்மானம்: 25 டிகிரியைத் தாண்டாத வழி கிடைத்தால் ஏறுங்கள். கிடைக்காவிட்டால் முகட்டில் எட்டிய இடம் வரை போய்த் திரும்புங்கள். பீக்கன் இருப்பதால் செங்குத்தான சரிவு பாதுகாப்பாகிவிடாது.

புதுவயல்_மருத்துவம்

நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர்கூட இல்லை. சாங்க்ரி சுமார் 1,950. அங்கே இரண்டு இரவு, ஜூடா கா தலாபில் இரண்டு இரவு, பிறகு 3,300. மூவாயிரத்துக்கு மேல் தூங்கும் உயரம் நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. உயர நோயைத் தடுக்க அசிட்டசோலமைட் மாத்திரை 125 மி.கி., நாளுக்கு இரண்டு வேளை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. மற்றவர்களும் கேட்டுவிட்டே எடுங்கள். தலைவலியோடு வாந்தி என்றால் அதற்கு மேல் ஏற்றம் இல்லை. நேர்கோட்டில் நடக்கத் தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ இரவானாலும் கீழே இறக்குங்கள், விடியட்டும் என்று வைத்திருக்காதீர்கள்.

விரல் வெளுத்து மரத்தால் பனியால் தேய்க்கக் கூடாது. 37 முதல் 39 டிகிரி வெந்நீரில் வைத்து உருக்க வேண்டும், அதுவும் மறுபடி உறையாது என்று உறுதியான இடத்தில்தான். உருகி மறுபடி உறைந்த விரலைக் காப்பாற்றுவது கடினம்.

கண்ணாடி 3 அல்லது 4-ஆம் வகை, பக்கமும் மூடியது. பனி வெயிலைக் கீழிருந்தும் திருப்பி அடிக்கும் என்பதால் தாடைக்கு அடியிலும் மூக்குத் துளைக்குள்ளும் சன்ஸ்கிரீன்.

ஆத்தங்குடி_ஆச்சி

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். பருத்தி பனியனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். வியர்வையைக் குடித்துக்கொண்டு காயாது, நின்றதும் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே பாலியெஸ்டர் அல்லது மெரினோ கம்பளி, நடுவில் ஃப்ளீஸ், வெளியே காற்றும் நீரும் புகாத சட்டை, நிற்கும்போது போட இறகு அடைத்த டவுன் ஜாக்கெட். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். கதகதப்பாகக் கிளம்பினால் பத்து நிமிடத்தில் வியர்த்து நனைந்துவிடுவீர்கள்.

சாப்பாடு. அந்த உயரத்தில் தண்ணீர் 88 டிகிரி வாக்கில் கொதித்துவிடும், அரிசி வேக வெகுநேரம் பிடிக்கும். அவல், ரவை, சேமியா. நடக்கும்போது கடலை மிட்டாய், எள்ளுருண்டை, முந்திரி, பேரீச்சம்பழம். மாவுருண்டை நல்ல சத்துத்தான், ஆனால் நெய் இறுகிக் கல்லாகிவிடும். சட்டையின் உள்பையில் உடம்போடு வைத்துக்கொண்டால் மெல்லலாம். பொருவிளங்காய் உருண்டை வேண்டவே வேண்டாம், பல் போகும்.

காஸ் குப்பி ரயிலிலும் விமானத்திலும் ஏறாது, டேராடூனில் வாங்க வேண்டும். வெறும் பியூட்டேன் குப்பி உறைநிலையில் வாயுவாகாது, அடுப்பு பற்றாது. புரொப்பேன் கலந்ததைக் கேட்டு வாங்குங்கள். இரவில் தூக்கப்பைக்குள் வையுங்கள். பனியை உருக்கும்போது பாத்திரத்தில் முதலில் இரண்டு கை தண்ணீர் ஊற்றுங்கள், வெறும் பனியைப் போட்டால் அடி தீய்ந்து தண்ணீரெல்லாம் தீய்ந்த வாடை. தண்ணீர்ப் புட்டியைத் தலைகீழாக வையுங்கள். உறைவது மேலிருந்துதான், மூடிப் பக்கம் உறையாமல் இருக்கும். குழாய் வைத்த தண்ணீர்ப் பை முதல் மணி நேரத்திலேயே அடைத்துக்கொள்ளும்.

கண்டனூர்_வரைபடம்

முக்கியமான ஒன்று விட்டுப்போனது. வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த சாட்டிலைட் போன், சாட்டிலைட் செய்தி அனுப்பும் கருவி எதையும் எடுத்துப் போகாதீர்கள். தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் வைத்திருப்பது குற்றம், விமான நிலையத்திலேயே பிடிப்பார்கள். அதற்குப் பதில் ஊரில் ஒருவரிடமும் சாங்க்ரியில் ஒருவரிடமும் வழி, முகாம், திரும்பும் நேரம் எழுதிக் கொடுங்கள். குறித்த நேரத்துக்குப் பிறகு எத்தனை மணி காத்திருந்து 112-ஐ அழைப்பது என்பதும் அதில் இருக்கட்டும்.

கீழச்சிவல்பட்டி_நடை

எல்லாருக்கும் நன்றி. திட்டத்தை மாற்றிவிட்டோம். சாங்க்ரி இரண்டு இரவு, ஜூடா கா தலாப் இரண்டு, காட்டோர முகாம் இரண்டு. இரண்டாவது இரவு, பனி கொட்டினால் காத்திருக்க. கிளம்புவது 3.30, திரும்பல் 8.30. பீக்கன் இல்லை, 25 டிகிரி எல்லை. காட்டோர முகாம் இடத்தை வனத்துறையிடம் கேட்டு வாங்கிய பிறகுதான் ரயில் பதிவு.

இறங்கும்போது ஸ்னோஷூவில் பக்கவாட்டாகச் சரிவைக் கடப்பது எப்படி?

தேவகோட்டை_முகடு

முடிந்தவரை கடக்காதீர்கள். ஸ்னோஷூ நேர் ஏற்றத்துக்கும் நேர் இறக்கத்துக்கும் செய்தது. பக்கவாட்டில் கணுக்கால் வளைந்து பல் பிடி விட்டுவிடும். கடந்தே ஆக வேண்டும் என்றால் மேட்டுப் பக்க விளிம்பை உதைத்து ஒரு தட்டு வெட்டி, மேட்டுப் பக்கக் கைத்தடியைக் குட்டையாக்கி, மற்றதை நீளமாக்கிக்கொள்ளுங்கள். பனி இறுகியிருந்தால் ஸ்னோஷூவைக் கழற்றி மைக்ரோஸ்பைக், கையில் பனிக்கோடரி. நேர் இறக்கத்தில் குதிகால் கம்பியை மடக்கிவிட்டு, முழங்காலை லேசாக மடித்து, எடையைப் பாதத்தின் நடுவில் வையுங்கள். பின்னால் சாய்ந்தால் பல் பிடிக்காது, உட்கார்ந்து சறுக்குவீர்கள். கைத்தடிப் பட்டையை மரங்களுக்கு நடுவே மணிக்கட்டில் மாட்ட வேண்டாம்.

பிரான்மலை_ஏறி

பயிற்சிக்கு ஒரு வழி. பிரான்மலையில் 12 கிலோ பையோடு வாரம் இரண்டு முறை ஏறி இறங்குங்கள், இறக்கம்தான் தொடைக்கு முக்கியம். வாரம் ஒரு முறை தொண்டி மணலில் பூட்ஸோடு ஒரு மணி நேரம், காலை அகலமாக வைத்து, முழங்காலைத் தூக்கி. ஸ்னோஷூ ஒன்றை ஒன்று மிதிக்காமல் இருக்க அந்த அகல நடை வேண்டும். வெயிலுக்கு முன் முடித்துவிடுங்கள், அதிகாலை 3.30-க்கு எழும் பழக்கமும் வந்துவிடும்.